உண்ணி காவும் வைரஸ்கள்: வன்னியில் அறிந்திருக்க வேண்டியவை

மாட்டிலும் ஆட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு நின்றுவிடுகிறதா, அல்லது விலங்கிலிருந்து விலங்குக்கும் விலங்கிலிருந்து மனிதருக்கும் வைரஸ்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் கால்நடை வைத்திருப்போர் கேட்பதுண்டு. சில உண்ணிகள் சேர்க்கின்றன என்பது நூறாண்டுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. எந்த உண்ணி, எந்த வைரஸ், எந்த விலங்கு என்று பிரித்துப் பார்க்காமல் இந்த விடையை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் உண்ணிக்கடிக்கும் அஞ்சிக் கிடக்க நேரும். அல்லது, காலங்காலமாகக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று எதையும் பொருட்படுத்தாமல் விட்டுவிட நேரும். எங்கள் பக்கத்தில் நான் கூடுதலாகக் காண்பது இரண்டாவது மனநிலையை என்பதால், இதைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

வன்னியின் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் காடும் குளமும் வயலும் குடியிருப்பும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை வயல்வெளியிலிருந்து காட்டோரங்களுக்குச் சாய்த்துச் செல்கிறார்கள். அறுவடை முடிந்ததும் அவை திரும்பி வந்து அரிதாளில் மேய்கின்றன. மேய்ச்சல் தரைகள் போதாமையால் பட்டிமாடுகள் காட்டுக்குள் நெடுந்தூரம் செல்வது வழக்கமாகிவிட்டது. அதே காட்டில் மரை, மான், பன்றி, குரங்கு, மந்தி, முயல், எலி எல்லாம் வாழ்கின்றன; விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் மனிதரும் அங்கேதான் போகிறார்கள். உண்ணிகளின் வாழ்வுக்கு இவ்வளவு வசதியான அமைப்பு வேறு இருக்க முடியாது.

உண்ணி ஒரு பூச்சியன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு உறவான உயிரி. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிக்கு ஆறு கால்களும், அதற்கடுத்த அணங்குப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் எட்டுக் கால்களும் உண்டு. உலகில் ஏறத்தாழ 900 உண்ணி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை முதுகில் கெட்டியான தகடு கொண்ட கடின உண்ணிகள். மற்றவை தகடற்ற மென்னுண்ணிகள். கடின உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தடவை, ஆனால் பல நாட்கள் தொடர்ந்து ஒட்டியிருந்து, வயிறு முட்ட இரத்தம் குடிக்கிறது. அந்த ஒரு தடவைக்குப் பின்னர்தான் அது தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகும், அல்லது முட்டையிடும்.

இரத்தம் குடித்து முடித்த உண்ணி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே அது எந்த அளவுக்கு நோய்க்காவியாக முடியும் என்பது தீர்மானமாகிறது. எங்கள் மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் மாட்டுண்ணியான றிப்பிசெபலஸ் மைக்ரோப்ளஸ், குடம்பியாக ஒரு மாட்டில் ஏறினால் ஏறத்தாழ மூன்று கிழமைகள் அதே மாட்டிலேயே இருந்து, அங்கேயே இரு தடவை தோலுரித்து, முதிர்ந்து, முட்டையிடும் நேரத்தில்தான் நிலத்தில் விழுகிறது. ஆகவே அது ஒரு மாட்டிடம் பெற்ற கிருமியை இன்னொரு மாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால், கிருமி முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குக் கடந்தாக வேண்டும். ஹீமாபிசாலிஸ் பேரினத்தைச் சேர்ந்த உண்ணிகள் அப்படியல்ல. குடம்பி ஒரு காட்டெலியிலோ பறவையிலோ குடிக்கும். கீழே விழுந்து தோலுரித்து அணங்காகி, ஒரு குரங்கிலோ மனிதரிலோ ஏறும். மறுபடி விழுந்து முதிர்ந்து, ஒரு மாட்டையோ மரையையோ பற்றும். மூன்று பருவத்துக்கு மூன்று உடல்கள். காட்டு விலங்கின் வைரஸ் மனிதருக்கு வருவதற்கான வழி பெரும்பாலும் இத்தகைய உண்ணிகள் வழியாகவே திறக்கிறது.

ஓர் உண்ணியின் உடலில் வைரஸ் காணப்பட்டது என்ற செய்தியை வைத்து, அந்த உண்ணி அதைப் பரப்புகிறது என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. நோயுற்ற ஆட்டின் இரத்தத்தைக் குடித்த உண்ணியின் வயிற்றில் அந்த நோயின் வைரஸ் சில நாட்கள் இருக்கத்தானே செய்யும். பரப்பும் தகுதி பெற அந்த வைரஸ் வேறு பல தடைகளைத் தாண்ட வேண்டும். முதலில் உண்ணியின் குடற் கலங்களுக்குள் புகுந்து பெருக வேண்டும். உண்ணி தோலுரிக்கையில் அதன் உள்ளுறுப்புகள் பலவும் சிதைந்து புதிதாக உருவாகும், அந்தச் சிதைவில் வைரஸ் அழியாமல் தப்ப வேண்டும். அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். உண்ணி அடுத்த விலங்கைக் கடிக்கையில் உமிழ்நீரோடு வெளிவர வேண்டும். அந்த விலங்கின் உடலும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். எச்.ஐ.வி. போன்ற எத்தனையோ வைரஸ்கள் உண்ணியால் பரவாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்தத் தடைகளைக் கடந்துவிட்ட வைரஸுக்கு உண்ணியைப் போன்ற புகலிடம் வேறில்லை. நுளம்பின் வயிற்றில் இரத்தம் நொதியங்களால் விரைந்து செரிக்கப்படுகிறது. உண்ணியிலோ இரத்தம் குடற் கலங்களுக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கே மெதுவாகச் செரிக்கிறது. கலத்துக்குள் நுழையத் தெரிந்த வைரஸ் அந்தச் செரிமானத்திலிருந்து தப்பித்துக்கொள்ள முடிகிறது. நுளம்பின் ஆயுள் சில கிழமைகள். உண்ணியோ ஒன்றும் குடிக்காமல் பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, காத்துக் கிடக்கும். அந்தக் காலமெல்லாம் வைரஸும் அதனுள் உயிர்ப்போடு இருக்கும். சில வைரஸ்கள் முட்டை வழியாகக் குடம்பிகளுக்கும் செல்வதால், விலங்குகளிடையே நோயே காணப்படாத ஆண்டுகளிலும் அவை காட்டில் நிலைத்துவிடுகின்றன.

உமிழ்நீரின் பங்கு இன்னும் வியப்புக்குரியது. கடித்த இடத்தில் வலி தெரியாமலும், இரத்தம் உறையாமலும், உடலின் நிர்ப்பீடனம் விழித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளும் புரதங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. உண்ணி தடையின்றிக் குடிப்பதற்கென அமைந்த அந்த ஏற்பாட்டை வைரஸும் பயன்படுத்திக்கொள்கிறது. 1987ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்கள் தோகோட்டோ என்னும் வைரஸை வைத்துச் செய்த சோதனையில், வைரஸ் தொற்றிய உண்ணியும் தொற்றாத உண்ணியும் ஒரே கினிப்பன்றியில் ஒன்றாகக் குடித்தபோது, அந்த விலங்கின் இரத்தத்தில் கண்டறியத்தக்க அளவு வைரஸ் இல்லாதபோதிலும் ஓர் உண்ணியிடமிருந்து மற்றதற்கு அது கடந்து சென்றது தெரியவந்தது. நோயே காட்டாத, இரத்தப் பரிசோதனையிலும் அகப்படாத ஒரு விலங்கு பரவலுக்கு உதவ முடியும் என்பது அதுவரை யாரும் எண்ணாத ஒன்று. மந்தையில் எந்த விலங்கும் நோயுறவில்லை என்பதை மட்டும் வைத்து உண்ணிகளிடம் வைரஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்ணி நோய் பரப்பும் என்பதை 1893இல் அமெரிக்காவில் தியோபோல்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலை ஆராய்ந்து முதலில் நிறுவினர். அந்தக் கிருமி வைரஸன்று, இரத்தக் கலங்களுக்குள் வாழும் ஒரு புரொட்டோசோவா, அதாவது ஒருகல உயிரி. வைரஸுக்கான சான்று அதற்குப் பிந்தியது. கென்யாவின் நைரோபிப் பகுதியில் 1910ஆம் ஆண்டளவில் செம்மறிகளும் வெள்ளாடுகளும் கடுங்காய்ச்சலும் இரத்தங் கலந்த கழிச்சலும் கண்டு திரளாக மடிந்தன. அந்நோய் ஓர் உண்ணியால் பரவுகிறது என்பதை மொன்ட்கோமரி என்னும் கால்நடை விஞ்ஞானி 1917இல் வெளியிட்டார். நைரோபி ஆட்டுநோய் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தொலைவில் நடந்த கதையாகத் தோன்றும் இது எங்கள் ஆட்டுக் கொட்டில் வரைக்கும் வருகிறது. 1954இல் இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கஞ்சம் மாவட்டத்தில் ஆடுகளிலிருந்து எடுத்த ஹீமாபிசாலிஸ் இன்டர்மீடியா என்னும் உண்ணிகளில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டுக் கஞ்சம் வைரஸ் எனப் பெயர் பெற்றது. அது நைரோபி வைரஸின் ஆசிய வடிவமே என்பது பின்னர் மரபணு ஆய்வில் உறுதியானது. அதே இன உண்ணி இலங்கையிலும் ஆடுகளில் காணப்படுகிறது. இலங்கையில் திரட்டப்பட்ட அவ்வுண்ணிகளிலிருந்து நைரோபி ஆட்டுநோய் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதை 1996ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. அதை எழுதியவர்களுள் ஒருவர், பின்னாளில் 2003ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் வைரஸைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தி உலகப் புகழ் பெற்ற இலங்கையரான மலிக் பீரிஸ். உண்ணி காவும் வைரஸ் இந்தத் தீவில் உண்டா என்று கேட்பவருக்கு ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட விடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. அது இங்கே கால்நடை வளர்ப்போர் காதுக்கு எட்டவில்லை என்பதே என் கவலை.

இந்த வைரஸ் இருந்தும் எங்கள் ஆடுகள் கூட்டங்கூட்டமாக இறக்கவில்லையே என்று கேட்கலாம். நோய் நிலைகொண்ட இடத்தில் பிறக்கும் குட்டி, தாயின் சீம்பாலோடு பிறபொருளெதிரிகளையும் பெறுகிறது. அந்தப் பாதுகாப்பு நீங்குமுன்பே உண்ணிக் கடியால் சிறிய அளவில் தொற்றுக்குள்ளாகி, தானே நிர்ப்பீடனம் பெற்றுவிடுகிறது. ஆபிரிக்காவில் இந்நோய் பேரிழப்பை உண்டாக்கியதெல்லாம், உண்ணி இல்லாத இடத்திலிருந்து உண்ணி உள்ள இடத்துக்கு மந்தைகள் கொண்டுவரப்பட்டபோதும், மழை மிகுந்து உண்ணிகள் புதிய இடங்களுக்குப் பரவியபோதும்தான். போருக்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் வழங்கப்பட்டதையும், பால் கூடுதலாகத் தரும், விரைந்து வளரும் கலப்பினங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து இன்றும் கொண்டுவரப்படுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஆடுகள் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் கண்டு, பச்சையாகக் கழிந்து, சினையாடுகள் குட்டி வீசி இறந்தால், தண்ணீர் மாறியதும் தீன் மாறியதும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குடற்புழுவும் வேறு நோய்களும் இதே அறிகுறிகளைத் தரும் என்பது உண்மை. ஆயினும் ஊராடுகள் நலமாயிருக்க வந்த ஆடுகள் மட்டும் இறக்கும்போது, உண்ணியால் வந்த நோயாக இருக்குமோ என்ற ஐயம் கால்நடை வைத்தியரிடம் சொல்லப்பட வேண்டும். மனிதருக்கு இந்த வைரஸால் பெருந்தீங்கு இல்லை. இந்தியாவில் ஆய்வுகூடத்தில் அதைக் கையாண்டோருக்குக் காய்ச்சல் கண்டு குணமானதுண்டு.

மனிதரைப் பொறுத்தமட்டில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கியாசனூர்க் காட்டு நோய். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மந்திகளும் இறந்து கிடந்தன. அதே காலத்தில் காட்டோரக் கிராமத்தவர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். குரங்குகள் இறப்பதைக் கண்டு, ஆசியாவில் அதுவரை காணப்படாத மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் அஞ்சினர். பூனா வைரஸ் ஆய்வு நிலையத்தினர் பிரித்தெடுத்த வைரஸோ, 1937ஆம் ஆண்டில் சோவியத் தூரகிழக்குக் காடுகளில் லெவ் சில்பர் தலைமையிலான குழு கண்டறிந்த உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவாக இருந்தது. அதைக் காவுவதில் முதன்மையானது ஹீமாபிசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டுண்ணி.

அந்த நோய் சுழலும் விதத்தை வன்னியில் இருப்பவர் சற்றுப் பொறுமையோடு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குடம்பியும் அணங்கும் காட்டெலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றில் குடித்து வைரஸைப் பெறுகின்றன. நோயுற்ற குரங்கு இறந்து விழுந்ததும், அதன் உடலிலிருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றிப் பரவுகின்றன. விறகு பொறுக்கவோ மாடு மேய்க்கவோ அவ்வழி வருபவரை, எள்ளளவுகூட இல்லாத அணங்குகள் கடிக்கின்றன. முதிர்ந்த உண்ணிகளோ மாட்டைத் தேடுகின்றன. மாடு இந்த வைரஸால் நோயுறுவதில்லை, அதைப் பெருக்கிக் கொடுப்பதும் இல்லை. ஆனால் மாட்டின் இரத்தத்தைக் குடித்த ஒவ்வொரு பெண்ணுண்ணியும் காட்டு நிலத்தில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், மாடு மேயும் காட்டில் உண்ணித் தொகை பெருகுகிறது. காடு வெட்டி மேய்ச்சலும் தோட்டமும் உள்நோக்கிப் போன காலத்தில் இந்நோய் தலைதூக்கியது தற்செயலன்று. ஓராண்டில் 400 முதல் 500 பேர் வரை பாதிக்கப்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கின்றனர். திடீரெனக் கடுங்காய்ச்சல், தலைவலி, தசைநோவு, சிலருக்கு மூக்கிலும் முரசிலும் இரத்தக் கசிவு என்று தொடங்கி, குணமானது போலிருந்து மறுபடி காய்ச்சலும் நடுக்கமும் மனக்குழப்பமும் வருவதுண்டு. வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதும் இல்லை.

நெடுங்காலம் அந்த ஒரு பகுதிக்குள் இருந்த நோய், 2012க்குப் பின்னர் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா என மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் நெடுகக் காணப்பட்டது. இலங்கையில் அது மனிதரிடம் பரவியதாகப் பதிவில்லை. ஆனால் அதைக் காவும் ஹீமாபிசாலிஸ் ஸ்பினிஜெரா இலங்கையின் உண்ணிப் பட்டியலில் இருக்கிறது. கர்நாடகத்தில் இறந்த குரங்கினதும் மந்தியினதும் நெருங்கிய உறவினங்கள் எங்கள் காடுகளில் வாழ்கின்றன. காட்டில் மேயும் மாடும், விறகுக்குப் போகும் மனிதரும், உண்ணி அணங்குகள் மிகும் வரண்ட மாதங்களும் இங்கேயும் உண்டு. சுழற்சிக்கு வேண்டியவற்றுள் வைரஸ் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கைவசம் இருக்கும் ஓரிடத்தில், அந்த ஒன்று வந்துவிட்டால் அதை எவ்வளவு விரைவில் அறிவோம் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கர்நாடகத்தில் குரங்குச் சாவே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. வன்னியில் குரங்கு பயிரழிக்கும் விலங்காக மட்டுமே பார்க்கப்படுவதால், அது செத்துக் கிடப்பதை யாரும் ஒரு செய்தியாக எடுப்பதில்லை. ஒரு குரங்கு நஞ்சாலோ மின்சாரத்தாலோ சாகலாம். ஆனால் ஒரே காட்டோரத்தில் சில நாட்களுக்குள் பல குரங்குகள் காயமின்றி இறந்து கிடந்தால், அதைத் தொடாமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவிக்க வேண்டும்.

கிரிமியா–கொங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் நாம் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு நோய். 1944இல் கிரிமியாவில் போர்வீரர்களிடையேயும் 1956இல் கொங்கோவிலும் தனித்தனியே அறியப்பட்ட இரண்டும் ஒரே வைரஸ் எனப் பின்னர் தெரிந்தது. ஹையலோமா பேரின உண்ணிகள் அதைக் காவுகின்றன. இவை புல் நுனியில் காத்திருப்பதோடு நில்லாமல் நிலத்தில் ஓடி வந்தே ஏறும் இயல்புடையவை. வைரஸ் தொற்றிய மாடும் ஆடும் எந்த நோய்க்குறியும் காட்டாமல் ஏறத்தாழ ஒரு கிழமை அதை இரத்தத்தில் வைத்திருக்கும். அந்த நாட்களில் அவ்விலங்கை அறுப்பவருக்கும், உண்ணியை நகத்தால் நசுக்குபவருக்கும் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே தொற்று வரலாம். இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவும். 2011 ஜனவரியில் இந்தியாவில் முதன்முதலாகக் குஜராத்தில் உறுதிசெய்யப்பட்டபோது, நோயாளியைப் பராமரித்த மருத்துவரும் தாதியும் உயிரிழந்தனர். தொற்றியவர்களில் 100க்கு 10 முதல் 40 பேர் வரை இறக்கின்றனர். இலங்கையிலும் ஹையலோமா இனங்கள் சில பதிவாகியுள்ளன. அவை இந்த வைரஸைக் காவுகின்றன என்பதற்குச் சான்று கிடையாது. இந்தியாவில் குற்றஞ்சாட்டப்படும் முதன்மை இனம் வேறு.

2020இல் வடமாகாணத்து மாடுகளில் தோல் கழலை நோய் பரவி, தோல் முழுவதும் கட்டிகட்டியாகப் புடைத்து மாடுகள் வதங்கியபோது, உண்ணிதான் அதைக் கொண்டுவந்தது என்ற பேச்சு பலமாக இருந்தது. அதிலும் ஓரளவு உண்மை உண்டு: அந்த வைரஸைச் சில உண்ணி இனங்கள் காவ முடியும் என ஆபிரிக்கச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் அது ஊருக்கு ஊர் அவ்வளவு விரைவாகப் பரவுவதற்கு முதற் காரணம், ஒரு மாட்டில் பாதி குடித்துவிட்டு மற்றதற்குப் பறக்கும் கடி ஈக்களும் நுளம்புகளும், விற்று வாங்கி ஏற்றிச் செல்லப்படும் மாடுகளுமே. மனிதருக்கு அது தொற்றுவதில்லை. 2024இன் கடைசியில் இலங்கையில் உறுதிசெய்யப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இத்தகையது. ஆபிரிக்காவில் அதன் வைரஸ் காட்டுப்பன்றிகளுக்கும் அவற்றின் வளைகளில் வாழும் மென்னுண்ணிகளுக்கும் இடையே சுழல்கிறது. ஆசியாவிலோ பன்றியும் பன்றி இறைச்சியும் கழிவு உணவுமே அதைப் பரப்பியிருக்கின்றன. இவ்விரண்டு நோய்களிலும் உண்ணிமேல் மட்டும் பழிபோட்டால், அடைக்க வேண்டிய வழி திறந்தே கிடக்கும்.

இனி, உண்ணி கடித்தபின் வரும் காய்ச்சல் பற்றி. வடக்கில் உண்ணிக்காய்ச்சல் என்று வைத்தியசாலைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் வைரஸ் நோயன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வரும் பற்றைக்காட்டு டைபஸும், உண்ணியால் வரும் புள்ளிக்காய்ச்சலும் ரிக்கெட்சியா இனப் பக்டீரியாக்களாலும் அவற்றின் உறவினங்களாலும் உண்டாகின்றன. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருகிய பொருக்கு அவற்றில் பலருக்குக் காணப்படும். டொக்சிசைக்கிளின் என்னும் பக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் தணியும். காலந்தாழ்த்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதுபட்டு உயிரே போகலாம். வைரஸைப் பற்றி இவ்வளவு எழுதும் நானே இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மருந்துக்கு அடங்கும் நோயைப் பரசிட்டமோலோடு வீட்டில் படுத்துக் கழிப்பவர்களே இங்கே அதிகம் இழக்கிறார்கள். காட்டுக்குப் போய்வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனேன், எந்த விலங்கைக் கையாண்டேன், உண்ணி கடித்ததா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்ல வேண்டும். டெங்கும் எலிக்காய்ச்சலும் முதலில் நினைவுக்கு வரும் காலத்தில், இந்த ஒரு தகவல் இல்லாமல் வைத்தியருக்கு வேறு திசையில் எண்ண வழியில்லை.

கடித்திருக்கும் உண்ணியை எடுப்பதில் பழைய பழக்கங்கள் சிலவற்றை விட வேண்டும். கொள்ளியால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் உண்ணியைத் துன்புறுத்தி, அதன் உமிழ்நீரும் வயிற்றிலுள்ளதும் காயத்துக்குள் வரச் செய்யலாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழுத்து எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். காதுக்குள் புகுந்த உண்ணியை வீட்டில் தோண்டாமல் வைத்தியசாலையில் எடுப்பிக்க வேண்டும். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வது, மெதுவாகக் கடத்தப்படும் சில பக்டீரியாக்களுக்குப் பொருந்தலாம். வைரஸ் உமிழ்நீரிலேயே காத்திருப்பதால் அதற்கு இத்தனை அவகாசம் தேவைப்படுவதில்லை. வட அமெரிக்காவில் உண்ணி காவும் பவாசன் வைரஸ் எலிகளுக்கு 15 நிமிடங்களுக்குள் கடந்ததைச் சோதனை காட்டியிருக்கிறது. ஆகவே காட்டில் முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் அணிவதும், திரும்பியதும் உடுப்பை மாற்றி உடல் முழுவதும், குறிப்பாகப் பிள்ளைகளின் காதோரம், அக்குள், கவட்டுப் பகுதி ஆகியவற்றைப் பார்ப்பதும் எந்த மருந்தையும்விடப் பயன் தரும்.

பட்டியில் மாட்டின் உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்கும் வழக்கம் இங்கே பரவலானது. கையுறையோ பொலித்தீன் உறையோ போட்டுக்கொண்டு பிடுங்கி, சவர்க்காரக் கரைசலுள்ள போத்தலில் இடுவது அதைவிடப் பாதுகாப்பானது. உண்ணி மருந்தை ஊற்றுவதானால் அளவும் இடைவெளியும் கால்நடை வைத்தியர் சொன்னபடி இருக்க வேண்டும். மருந்து போட்ட நாட்களில் பால் எத்தனை நாள் விலக்கப்பட வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். ஒரே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்பப் போடுவதால் மாட்டுண்ணி அதற்குப் பழகிப்போவது உலகெங்கும் கண்ட அனுபவம். வெளியிலிருந்து வாங்கிய ஆட்டையோ மாட்டையோ உடனே மந்தையில் கலக்காமல், உண்ணி நீக்கி, சில நாட்கள் தனியே கட்டி வைத்துப் பார்ப்பது ஒரு வேலையே அல்ல, ஆனால் செய்பவர் மிகக் குறைவு.

ஆடு இறந்து, உண்ணி மீது ஐயம் எழுந்தால், இறந்த உடலைப் புதைக்குமுன் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பது அவசியம். காய்ச்சல் உள்ளபோதே எடுத்த இரத்தம், இறந்த உடனே எடுத்துக் குளிரில் வைத்த மண்ணீரல், அந்த ஆட்டில் இருந்த உண்ணிகள் ஆகிய மூன்றும் ஆய்வுகூடத்துக்குத் தேவைப்படும். உண்ணியை ஸ்பிரிட்டில் இட்டால் அதன் இனத்தை அறியலாம், வைரஸை உயிரோடு பிரித்தெடுக்க முடியாது. அதற்கு, ஈரமான கடதாசித் துண்டோடு காற்றுப் புகும்படி மூடிய சிறு போத்தலில் உயிரோடு கொடுக்க வேண்டும். போத்தலின்மேல் விலங்கு, இடம், திகதி மூன்றையும் எழுதி ஒட்டினால்தான் அந்த உண்ணியால் பயன் உண்டு.